வாயுவில் இருந்து தொடங்குங்கள்: சடப்பொருளின் நிலைகளைப் படிப்பிக்கிற ஆசிரியருக்கு

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு பாடசாலைக்குப் புதிதாக நியமனம் பெற்றுப் போயிருக்கும் விஞ்ஞான ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: "ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சடப்பொருளின் நிலைகளைப் படிப்பிக்கிறேன். திண்மம், திரவம், வாயு என்று அட்டவணையை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவிக்கிறார்கள். ஆனால் கொதிக்கிற தண்ணீரில் வரும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் வகுப்பே ஒரே குரலில் 'காற்று' என்கிறது. ஆய்வுகூட வசதியும் பெரிதாக இல்லை. எங்கே இருந்து தொடங்குவது? பிளாஸ்மா பற்றி யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்கிற பிள்ளைக்கு என்ன சொல்வது?"

ரீச்சர், அந்த ஒரே குரல் உங்கள் வகுப்பில் மட்டும் கேட்பதில்லை. 1983 இல் ஒஸ்போர்ன், கொஸ்குரோவ் என்ற இருவர் நியூசிலாந்துப் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் காற்று என்றார்கள், வெப்பம் என்றார்கள், கொஞ்சம் இரசாயனம் படித்த பிள்ளைகள் ஐதரசனும் ஒட்சிசனும் என்றார்கள். நீராவி என்று சொன்னவர்கள் குறைவு. ஆகவே உங்கள் படிப்பித்தலில் ஏதோ கோளாறு என்று எண்ணிக் கவலைப்பட வேண்டாம். கோளாறு நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டு போகிற ஒழுங்கில் இருக்கிறது.

வழமையாகத் திண்மத்தில் தொடங்கி, திரவத்துக்கு வந்து, கடைசிப் பாடவேளையில் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாயுவைத் தொட்டுவிட்டுப் போகிறோம். கல்லும் கதிரையும் ஒரு பொருள் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. தண்ணீரும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிபடாத வாயுவும் அதே மாதிரித் திணிவும் இடமும் உள்ள ஒரு சாமான் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடிவதில்லை. அதை நம்பாத பிள்ளைக்கு ஆவியாதலும் இல்லை, ஒடுங்குதலும் இல்லை. தண்ணீர் வற்றினால் அது மறைந்து போயிற்று, அவ்வளவுதான். என்னுடைய கட்சி இதுதான்: பாடத்தைத் தலைகீழாகத் திருப்பி வாயுவில் தொடங்குங்கள். முதல் இரண்டு பாடவேளையையும் அதற்கே கொடுங்கள். பிறகு திண்மத்துக்குக் கால் மணித்தியாலம் காணும்.

அதற்குத் தேவையானது மருந்துக் கடையில் வாங்கக்கூடிய ஊசி போடாத 10 மி.லீ. சிரிஞ்சுகள். நாலு பிள்ளைக்கு ஒன்று வீதம் கொடுத்தால் நல்லது. முனையை ஒரு விரலால் இறுக்கிப் பொத்திக்கொண்டு, காற்று நிரம்பிய சிரிஞ்சைத் தள்ளச் சொல்லுங்கள். பத்தில் இருந்த தண்டு ஐந்துக்கு வரும், பலசாலிப் பெடியன் என்றால் நாலுக்கும் கொண்டுவருவான். கையை விட்டதும் தண்டு பின்னால் துள்ளும். இந்தத் துள்ளலை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். "உள்ளே ஒன்றுமில்லை என்றால் உன்னுடைய பெருவிரலைத் தள்ளியது யார்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பிறகு அதே சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் எடுத்துத் தள்ளச் சொல்லுங்கள். தண்டு அசையாது. எவ்வளவு முக்கினாலும் அசையாது. வாயு நெருங்கும், திரவம் நெருங்காது என்பதை இனி எந்தப் பிள்ளைக்கும் அட்டவணையில் இருந்து பாடமாக்கக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்களுடைய விரலுக்கே தெரியும்.

அடுத்தது திணிவு. பலூனைத் தடியில் கட்டித் தூக்கிக் காட்டும் பழைய செய்முறை எனக்குப் பிடிப்பதில்லை. ஊதிய பலூன் வெளிக்காற்றையும் அதே அளவுக்கு விலக்கிக்கொண்டு நிற்பதால், அந்தக் காற்று கொடுக்கும் மேலுதைப்பு உள்ளே இருக்கும் காற்றின் நிறையைக் கிட்டத்தட்ட முழுதாக ஈடுசெய்துவிடும். தடி சாய்கிறதா இல்லையா என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பதுதான் மிச்சம். விளையாட்டறையில் இருக்கும் உதைபந்தை எடுங்கள். உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றை வைத்து, உருளாமல் ஒரு சட்டியில் இருத்தி, ஒரு கிராமைக் காட்டக்கூடிய சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுங்கள். பிறகு பம்ப் போட்டு, விளையாடும் இறுக்கத்துக்குக் காற்றடித்துத் திரும்ப நிறுங்கள். பந்து பெரிதாகவில்லை, ஆனால் நாலைந்து கிராம் கூடியிருக்கும். ஒரு லீற்றர் காற்றின் திணிவு ஏறத்தாழ 1.2 கிராம் என்பதை அதற்குப் பிறகு சொன்னால், "அப்ப இந்த வகுப்பறைக் காற்று எவ்வளவு நிறை?" என்று யாராவது கணக்குப் போடத் தொடங்குவார்கள். எட்டு மீற்றர் நீளம், ஆறு மீற்றர் அகலம், மூன்று மீற்றர் உயரம் என்றால் 144 கன மீற்றர். 170 கிலோவுக்கு மேல் வரும், மூன்று மூடை அரிசியை விடக் கூட. அந்தக் கணக்கை அவர்களே போடட்டும்.

இவ்வளவும் செய்த பிறகுதான் துணிக்கைகள், அதாவது எல்லாப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துணிக்கைகளால் ஆனது என்ற கதை. இங்கே படம் கீறச் சொல்வதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. 1978 இல் நோவிக், நுஸ்பாம் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பிள்ளைகளுக்கு ஒரு குடுவையைக் காட்டி, அதில் உள்ள காற்றில் ஒரு பகுதியை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிச்சக் காற்று எப்படி இருக்கும் என்று கீறச் சொன்னார்கள். கன பேர் காற்றைக் குடுவையின் ஒரு பக்கமாக ஒதுக்கித்தான் கீறினார்கள். உங்களுக்குக் குடுவையும் வேண்டாம், பம்பும் வேண்டாம், சிரிஞ்சே காணும். தள்ளுவதற்கு முதல் ஒரு படம், தள்ளிய பிறகு ஒரு படம். சிலர் தள்ளிய பிறகு துணிக்கைகளைச் சின்னதாகக் கீறுவார்கள். சிலர் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். வேறு சிலர் நெருக்கமாகப் புள்ளி வைப்பார்கள். எல்லாவற்றையும் கரும்பலகையில் ஒட்டி, எது சரி என்று நீங்கள் சொல்லாமல் அவர்களையே வாதாட விடுங்கள். "குறைந்து போனது என்றால், கையை விட்டதும் திரும்பி வந்தது எது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் பாடம் தன்பாட்டில் நடக்கும்.

அந்தத் துணிக்கைகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்வி கட்டாயம் வரும். "காற்று" என்றுதான் பதிலும் வரும். ஒன்றுமே இல்லை, வெறும் வெளி என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். அதைச் சுற்றி வளைக்க வழியில்லை. நம்பக் கஷ்டமான சங்கதி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: றொபேர்ட் பிரவுண் என்ற தாவரவியலாளர் 1827 இல் மகரந்த மணிகளில் இருந்து வந்த நுண்துணிக்கைகள் தண்ணீருக்குள் ஓயாமல் துடிப்பதை நுணுக்குக்காட்டியில் கண்டார். தண்ணீரின் மூலக்கூறுகள் வந்து முட்டுவதால்தான் அந்தத் துடிப்பு என்று 1905 இல் ஐன்ஸ்ரைன் கணித விளக்கம் கொடுத்து, பெரின் அதைப் பரிசோதனையில் அளந்து காட்டும் வரை மூலக்கூறுகள் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று சந்தேகப்பட்ட பெரிய விஞ்ஞானிகள் இருந்தார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு கிழமை சந்தேகப்படுவதில் என்ன தவறு?

பிள்ளைகளை மைதானத்தில் துணிக்கைகளாக நிறுத்தி நடிக்க வைக்கலாம். காலைப் பிரார்த்தனை வரிசை திண்மம், இடைவேளைக்குச் சிற்றுண்டிச்சாலை வாசலில் முண்டியடிப்பது திரவம், பாடசாலை விட்டதும் ஓடுவது வாயு. ஒன்றில் மட்டும் கவனம். திரவம் என்றதும் பிள்ளைகள் ஆளுக்கு ஆள் ஒரு முழம் தள்ளி நிற்பார்கள், ஏனென்றால் கன படங்களில் திரவத் துணிக்கைகளைத் திண்மத்துக்கும் வாயுவுக்கும் நடு இடைவெளியில் கீறி வைத்திருக்கிறார்கள். அது பிழையான படம். திரவத்திலும் துணிக்கைகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒழுங்கு குலைந்து ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறுகின்றன, அவ்வளவுதான். சிரிஞ்சில் தண்ணீர் நெருங்காமல் நின்றதற்குக் காரணமும் அதுவே. பெரிய தூரம் திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவில்தான்.

மணலை ஊற்றலாம், பாத்திரத்தின் வடிவத்தை எடுக்கும், ஆகவே திரவமா என்று கேட்பார்கள். ஒரு மணியைத் தனியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காணும். பஞ்சு நெருங்குகிறதே என்றால், அதற்குள் இருந்த காற்று வெளியேறியது. தயிர், பற்பசை போன்றவற்றை இந்த மூன்று பெட்டிக்குள் நெருக்கி அடைக்க வேண்டாம். கலவைகள் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

இனிக் குமிழிக்கு வருவோம். முதலில் பிள்ளைகளுக்குப் பாதி நியாயம் கொடுங்கள். தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொஞ்ச நேரத்தில், கொதிக்கக் கன நேரம் இருக்கும்போதே, பாத்திரத்தின் அடியிலும் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டு பொடிக் குமிழிகள் வரும். அவை காற்றுத்தான். தண்ணீரில் கரைந்திருந்த காற்று சூட்டில் வெளியே வருகிறது. ஆனால் தளதளவென்று கொதிக்கும்போது அடியில் பிறந்து பெருத்துக்கொண்டு மேலே வரும் பெரிய குமிழி வேறு சங்கதி. "காற்று என்றால், தண்ணீர் முழுக்க வற்றும்வரை குமிழி வந்துகொண்டே இருக்கிறதே, அவ்வளவு காற்று எங்கே ஒளிந்திருந்தது? தண்ணீர் எங்கே போகிறது?" என்று இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வியோடு நிறுத்தாமல் காட்டவும் முடியும். ஏற்கனவே நன்றாகக் கொதித்து, கரைந்த காற்று போன பிறகு, கொதி அடங்கிய சூட்டுத் தண்ணீரில் 3 மி.லீ. அளவுக்கு 20 மி.லீ. சிரிஞ்சில் எடுங்கள். இதை ஆசிரியர்தான் செய்ய வேண்டும், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம். உள்ளே உள்ள காற்றைத் தள்ளி வெளியேற்றி, முனையைத் துணியோடு இறுக்கிப் பொத்தி, தண்டைப் பலமாகப் பின்னால் இழுங்கள். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை, சிரிஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கும். தண்டை மெல்ல விட்டால் குமிழிகள் ஒன்றும் மிச்சமில்லாமல் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். காற்றாக இருந்தால் அப்படி ஒரு நொடியில் மறையாது. அந்தக் குமிழி தண்ணீரில் இருந்து வந்தது, தண்ணீராகவே திரும்பிப் போனது. சூடு ஆற முன் இரண்டு மூன்று தரம் செய்து காட்டலாம்.

இதிலேயே அமுக்கம் என்ற கதையும் அவிழ்கிறது. தண்டை இழுக்கும்போது உள்ளே அமுக்கம் குறைவதால்தான் தண்ணீர் நெருப்பில்லாமலே கொதித்தது. நாங்கள் கடல் மட்டத்தில் இருப்பதால் யாழ்ப்பாணத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியசுக்குக் கிட்டக் கொதிக்கிறது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் குறைவு, அங்கே 94 பாகையளவிலேயே கொதித்துவிடும், பருப்பு அவியக் கூடுதல் நேரம் எடுக்கும். பிரஷர் குக்கரில் இதன் மறுபக்கம்: அமுக்கம் கூடி 120 பாகை அளவுக்குப் போகிறது. "நீரின் கொதிநிலை 100" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் பிள்ளை அதை நீருக்குப் பிறப்பிலேயே எழுதி வைத்த எண் என்று நினைத்துக்கொள்ளும்.

நீராவிக்கு எங்களிடம் நீத்துப்பெட்டியை விட நல்ல உபகரணம் இல்லை. புட்டு அவிக்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஆவி தெரியும். ஆனால் வெள்ளையாகப் புகைபோல் தெரிவதையே நீராவி என்று நினைத்திருக்கும். கேத்தில் ஒன்றைக் கொதிக்க வைத்து அதன் மூக்குக்குக் கிட்டப் பார்க்கச் சொல்லுங்கள், கையை வைக்க விடாமல். மூக்கின் நுனிக்கும் வெள்ளைப் புகை தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒன்றுமே தெரியாத ஒரு சிறு இடைவெளி இருக்கும். நீராவி இருப்பது அங்கேதான், அது கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்து குளிர்ந்து ஒடுங்கிய நுண்ணிய நீர்த்துளிகளே அந்த வெள்ளை. ஒரு கிராம் தண்ணீர் நீராவியானால் 100 பாகையில் ஏறத்தாழ 1.7 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். ஒரு துளி என்று வைத்தால் 80 மி.லீ. அளவு, அதாவது தேநீர்க் கோப்பையில் பாதி. அவ்வளவும் அதே துணிக்கைகள்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

புட்டு ஏன் அவ்வளவு கெதியாக அவிகிறது என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீரை 100 பாகையிலேயே நீராவியாக்க ஏறத்தாழ 2,260 யூல் தேவை. மாவில் பட்டு நீராவி ஒடுங்கும்போது அவ்வளவும் மாவுக்குக் கைமாறுகிறது. கொதிநீர் கையில் பட்டதை விட ஆவி பட்டது மோசமாகச் சுடுவதற்கும் காரணம் அதுவே. மறைவெப்பம் என்ற பெயரைக் கீழ் வகுப்பில் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை.

ஒடுங்குதலில் இன்னொரு வழுக்கல் இடம் உண்டு. ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்புறம் நனைந்தால், தண்ணீர் கண்ணாடிக்குள்ளால் கசிந்தது என்று சொல்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். நெக்டோச் சோடாவை ஊற்றி ஐஸ் போட்டு வையுங்கள். உள்ளே சிவப்பு, வெளியே துளிகள் நிறமில்லாமல் இருக்கும். மூடி போட்டுத் தராசில் வைத்தால் நிறை கூடுவதும் தெரியும்.

உருகுதலுக்கு மீன் சந்தையில் ஐஸ் வாங்கலாம். நொறுக்கிய ஐசுக்குள் வெப்பமானியை வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் வாசிக்கச் சொல்லுங்கள். உச்சி வெயில் அடிக்க, ஐஸ் உருகிக் கொண்டிருக்க, இரசம் பூச்சியத்தை விட்டு அசையாது. பிள்ளைகள் வெப்பமானி பழுது என்பார்கள். வெப்பம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் அது துணிக்கைகளின் பிடியைத் தளர்த்தச் செலவாகிறது. ஒரு கிலோ ஐசை உருக்கத் தேவையான வெப்பம், உருகி வந்த அதே தண்ணீரைப் பூச்சியத்தில் இருந்து 80 பாகை வரை சூடாக்கப் போதுமானது. அதே ஐசில் ஆனையிறவு உப்பைக் கைநிறைய அள்ளிப் போட்டுக் கலக்கினால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே, மறை பத்துக்கும் அப்பால் இறங்கும். அதற்குள் சீனித் தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பை ஒன்றை இறக்கினால் ஐஸ்பழம் தயார். மின்சாரம் இல்லாமல் ஐஸ்பழம் செய்த நாளைப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

தேங்காய் எண்ணெயை விட்டுவிட வேண்டாம். 24, 25 பாகையளவில் உறைவதால், மார்கழி தை விடியல்களில் எங்கள் வீட்டுப் போத்தல்களிலேயே வெள்ளை கட்டும். உறைந்த கட்டி ஒன்றை உருகிய எண்ணெய்க்குள் போடுங்கள், தாழும். ஐஸ் துண்டைத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். பெரும்பாலான பொருள்கள் எண்ணெய் மாதிரித்தான், உறைந்தால் நெருங்கும். தண்ணீர்தான் புறநடை, உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கிறது. இந்த இரண்டு கிளாசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காத பிள்ளை, திண்மம் எல்லாமே மிதக்கும் என்றோ தாழும் என்றோ ஒரு விதியைத் தானாகவே கட்டிவிடும்.

கொதிக்காமலே ஆவியாவதைக் காட்ட உங்கள் பிள்ளைகளுக்குக் கடல் வாசலில் இருக்கிறது. ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் இருக்கும். அகன்ற தட்டில் கொஞ்சம், ஒடுங்கிய போத்தலில் அதே அளவு, வெயிலில் வைத்துவிட்டு எது முதலில் வற்றுகிறது என்று பார்க்கட்டும். உப்பளப் பாத்திகள் ஏன் ஆழமில்லாமல் அகலமாக இருக்கின்றன, சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஏன் உப்பு விளைகிறது என்பதை அவர்களே சொல்வார்கள். உப்பு தண்ணீரில் கரைந்ததை உருகியது என்று எழுதுகிறவர்களுக்கு உப்பின் உருகுநிலை 801 பாகை என்று சொல்லுங்கள். உருகுவதற்கு வெப்பம் காணும், கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும்.

திண்மம் திரவமாகாமலே நேரே ஆவியாகிற பதங்கமாதலுக்குக் கற்பூரத்தைக் காட்டுவது வழமை, ஆனால் கொளுத்திக் காட்டுவது தவறு. கோயில் தட்டில் எரிகிற கற்பூரம் காபனீரொட்சைட்டும் நீராவியும் கரியுமாகப் போகிறது, அது இரசாயன மாற்றம். நொறுக்கிய கற்பூரத்தை ஒரு சின்ன ரின்னில் போட்டு, ரின்னைச் சுடுநீரில் இருத்தி, மேலே ஐஸ் வைத்த தட்டால் மூடுங்கள். சிறிது நேரத்தில் தட்டின் அடியில் பளபளவென்று பளிங்குகள் ஒட்டியிருக்கும். கற்பூர ஆவி தீப்பற்றும், ஆகவே கிட்டடியில் நெருப்பு வேண்டாம், யன்னலைத் திறந்து வையுங்கள், ஒருவரும் வாயில் வைக்கக் கூடாது.

சோதனைக்கு, அட்டவணையை நிரப்பச் சொல்லும் கேள்வியை ஒன்றோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் படம் கீறும் கேள்வியாகக் கொடுத்துப் பாருங்கள். மூடிய போத்தலில் ஐந்து நீர்த் துணிக்கைகள், முதலில் திரவம், பிறகு நீராவி, இரண்டையும் கீறுக என்று. ஐந்தும் ஐந்தாகவே, அதே அளவாகவே, போத்தல் முழுக்கப் பரவி வந்தால் பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. பெரிதாக்கிக் கீறியிருந்தால் சிரிஞ்சை இன்னொருக்கா கையில் கொடுங்கள்.

பிளாஸ்மா கேட்ட பிள்ளையை அடக்க வேண்டாம். மின்னலும், எரியும் ரியூப் லைற்றின் உள்ளும், சூரியனும் பிளாஸ்மா என்று சொல்லுங்கள். வாயுவின் அணுக்களில் இருந்து இலத்திரன்கள் பிரிந்து போன நிலை அது. இந்தியப் பௌதிகவியலாளர் சத்தியேந்திரநாத் போசின் பெயர் ஒட்டிய இன்னொரு நிலையும் (போஸ்-ஐன்ஸ்ரைன் ஒடுக்கம்) உண்டு, அதை 1995 இல்தான் ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள், வெப்பநிலை, இதற்குக் கீழே போக முடியாது என்ற தனிப் பூச்சியத்துக்கு மயிரிழை மேலே. ஆனால் இவற்றை அட்டவணையில் நாலாவது, ஐந்தாவது நிரலாகச் சேர்த்து வகுப்பு முழுவதையும் பாடமாக்க வைக்காதீர்கள். இலத்திரன் என்றால் என்னவென்று அவர்கள் படிக்க இன்னும் சில வருடம் இருக்கிறது.